நோர்வூட்டில் ஒன்றாம் நம்பர் கேட்

தீம் பார்க்குக்குப் போய் விளையாடுகிறவர்கள் ஒரு ரகம். அது கட்டப்படும்போதே இன்றைக்கு எத்தனை தூண் நட்டார்கள், கிரேன் ஏன் நேற்றிலிருந்து அசையவில்லை, வேலை ஏன் இப்படி நத்தை மாதிரி ஊர்கிறது என்று எங்கோ தூரத்தில் உட்கார்ந்து சண்டை போடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம். கோயம்புத்தூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும் இணையத்தில் ஒரு ரசிகர் குழுவுக்கு அட்மின். சம்பளம் வருகிற வேலையைவிட இந்த வேலையைத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

குழுவில் கோலாலம்பூர்க்காரர் உண்டு, டொரன்டோக்காரர் உண்டு, துபாயில் இருக்கும் மலையாளி ஒருவரும் உண்டு. பேச்சு முழுக்க ஆங்கிலம். இரண்டு வருடமாக எங்களுக்குத் தீனி போட்டது இலங்கையின் மலைநாட்டில், நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவே தேயிலைச் சரிவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பார்க். அதைக் கட்டுகிற கம்பெனியின் பெயரை எழுதி அதற்கு விளம்பரம் தேடித்தரப் போவதில்லை. வேலை மெதுவாக நடக்கிறது என்று கத்துகிற கட்சி, மலையில் அப்படித்தான் நடக்கும், பொறுங்கள் என்கிற கட்சி, இரண்டும் தினமும் முட்டிக்கொள்ளும். கத்துகிற கட்சிக்கு நான் தலைவன்.

தினமும் காலையில் அங்கிருந்து ஒரு படம் வரும். ‘நோர்வூட் வியூ’ என்ற பெயரில் யாரோ ஓர் உறுப்பினர் போடுவார். ஒரு வார்த்தை எழுதமாட்டார். ஒரே இடத்தில் நின்று எடுத்த படம். பின்னால் ரோலர் கோஸ்டரின் தண்டவாளம், முன்னால் சரிவில் வரிசை வரிசையாகப் பாதியில் விட்ட அஸ்திவாரங்கள். அந்த அஸ்திவாரங்களுக்கு ‘இரண்டாம் கட்டம்’ என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

அந்த வரிசைக்கு நடுவில் ஒற்றையாக ஒரு மரச்சட்டம் நின்றது. சுவரில்லை, கூரையில்லை, சட்டம் மட்டும். ‘நோர்வூட் வியூ’ வருவதற்கு முன்பே, கம்பெனி வெளியிட்ட படத்தைப் பார்த்து ‘ஒன்றாம் நம்பர் கேட்’ என்று அதற்குப் பெயர் சூட்டியவன் நான்தான். ஆட்களின் உயரத்தை அளந்து உள்ளே விடுகிற நுழைவாயிலின் மாதிரி அது என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். சட்டத்தில் தெரிந்த மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் சர்வேயர் வைத்த அடையாளம் என்றேன். மேல் மூலையில் மூட்டை மாதிரித் தொங்குவது சென்சார் என்றார் டொரன்டோக்காரர். சென்சாருக்கு வயர் எங்கே என்று கோலாலம்பூர்க்காரர் மடக்கினார். ஒரு வாரம் ஓடிற்று அந்தச் சண்டை.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். பார்க் திறப்பு தள்ளிப்போவதற்குக் காரணம் பஸ்களை நிறுத்த இடமில்லாததுதான் என்று கம்பெனி அறிவித்திருந்தது. மலைப் பாதையில் நிறுத்தினால் போக்குவரத்து நின்றுவிடும். ‘இரண்டாம் கட்டம் சும்மாதானே கிடக்கிறது, அதை நிரவி வாகன நிறுத்துமிடமாக்குங்கள், ஏப்ரல் சீசனுக்குள் திறந்துவிடலாம்’ என்று படம் வரைந்து, அஸ்திவாரங்களின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, குழுவில் பாதிப் பேரின் கையெழுத்தோடு அனுப்பினேன். இரண்டே வாரத்தில் பதில் வந்தது. யோசனையை ஏற்றுக்கொண்டோம், வேலையைத் தொடங்கிவைக்க நீங்களே வாருங்கள் என்றார்கள். மச்சான் கல்யாணம் என்று ஆபீசில் பொய் சொல்லி லீவு எடுத்தேன்.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயில். கூடையோடு ஏறினவரிடம் இறால் வடை வாங்கினேன். வடையைச் சுற்றியிருந்தது ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையின் பரீட்சைத்தாள். மூன்றாவது கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தது அந்தப் பிள்ளை. எதிர் சீட்டில் இருந்த சிங்களப் பெண்மணி தன் மிளகாய்ப் பொடியில் கொஞ்சம் எனக்கும் தூவினார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னொரு வடை வாங்கினேன்.

ஹட்டனில் இறங்கியதும் வால்பாறைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதே குளிர், அதே சாரல், கடைத்தெருவில் அதே ஈரச்சாக்கு வாசனை. வால்பாறையில் குடிக்கிற டீ இங்கே கிடைக்கும் என்று நினைத்ததுதான் தப்பு. ரொட்டிக் கடையில் ப்ளேன் டீ சொன்னேன். கறுப்பாக இருந்தது, மணமே இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சிரித்தார். "நல்ல தூளெல்லாம் கப்பல்ல போயிருங்க. நமக்குக் கூட்டி அள்ளுனதுதான். கொஞ்சம் சீனி கூடப் போட்டுக்கங்க."

வெள்ளிக்கிழமை காலை மஸ்கெலியா பஸ். நோர்வூட் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கார்த்திகை மழை. பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் மண்ணைப் பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தார். ஒருவரும் அவசரப்படவில்லை. மண்ணள்ள யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பேச்சு தானாகப் பார்க் பக்கம் திரும்பியது. முட்டைக்கோஸ் மூட்டையோடு இருந்த சிங்களக்காரர் ஒருவர் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: சீசனுக்குள் திறந்துவிடுவார்கள், அவருடைய தம்பி அங்கே வெல்டர், ராப்பகலாக வேலை நடக்கிறதாம். முன்சீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கிட்டுத் தெறக்குறது? பெரிய வளைவுக்கு இன்னும் நாலு தூணு நிக்கணும். நான்தான் தெனமும் பாக்குறேனே." எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஊர் தெரியாத பஸ்ஸில் என் குழு உட்கார்ந்திருக்கிறது! நான்கு தூண் இல்லை, மூன்றுதான், ஒன்றை அக்டோபரிலேயே நட்டுவிட்டார்கள் என்று நானும் புகுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "ஐயா நல்லாக் கணக்கு வச்சிருக்கீங்களே! எங்க லயத்துக்குப் பின்னாடி கக்கூசு கட்ட ஆரம்பிச்சு மூணு வருசமாச்சுங்க. அது எப்ப முடியும்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன், ஆனால் அதற்குள் மண்ணள்ளும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பார்க் வாசலில் கீர்த்தி காத்திருந்தார். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி, நல்ல உயரம், நல்ல ஆங்கிலம், எல்லாவற்றுக்கும் புன்னகை. தலைக்கு ஹெல்மெட்டும் மஞ்சள் மேல்சட்டையும் மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப் போனார். இரண்டு வருடம் கைபேசியில் விரலளவு பார்த்த தண்டவாளம் தலைக்கு மேலே நின்றது. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் இப்படிச் சந்தோஷப்பட்டதை வீட்டில் சொல்ல முடியாது. மத்தியானம் சோற்றுப் பார்சல். பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி, நெத்திலிப் பொரியல். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். என் படம்தான். அழகாக அச்சடித்து, ‘ரசிகர்களின் தேர்வு: வாகன நிறுத்துமிடம்’ என்று மேலே எழுதி, கீழே என் பெயரும் இருந்தது. திங்கட்கிழமை காலை நான் ரிப்பன் வெட்டவேண்டும், மண்ணை நிரவ பெக்கோ மெஷின் இறங்கும். பெருமை தாங்கவில்லை.

"அதற்கு முன்னால் ஒன்றாம் நம்பர் கேட்டைப் பார்க்கவேண்டும்" என்றேன். எந்த கேட் என்றார். கைபேசியில் காட்டினேன். அவர் முகத்தில் புன்னகை கொஞ்சம் குறைந்தது. "அது பழைய ஏதோ ஒன்று. சேறாக இருக்கும், வேண்டாமே" என்றார். சேற்றுக்குப் பயப்படுகிறவன் ரசிகனா? அவர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சரிவில் ஏறினேன்.

அஸ்திவாரங்கள் படத்தில் தெரிந்ததைவிடச் சின்னவை. இருபத்திரண்டு எண்ணினேன். நடுவில் யாரோ லீக்ஸ் காய்கறிப் பாத்தி போட்டிருந்தார்கள். ஒற்றைச் சட்டத்தின் முன்னால் ஒரு பெண் குனிந்து நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, கிண்ணத்திலிருந்து எதையோ தொட்டுத் தொட்டுச் சட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். மஞ்சள். அதன்மேல் குங்குமம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. என் வீட்டில் என் மனைவி அதே நேரத்தில் அதையேதான் செய்திருப்பாள். அதைப் பார்த்தே வளர்ந்த நான்தான் சர்வேயர் அடையாளம் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"இது என்னதுங்க?" என்று கேட்டேன். கேட்காமலே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"நெலைங்க."

"எதுக்கு நிலை?"

"வீட்டுக்குத்தான். வேற என்னாத்துக்கு நெலை வப்பாங்க?" என்று நிமிர்ந்தவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "நீங்க அட்மின் அண்ணன்தானே? கோயம்புத்தூரு?"

‘நோர்வூட் வியூ’ அவள்தான். பெயர் புஷ்பராணி. தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் முன்பள்ளிக்கு டீச்சர். புருஷன் மோகன் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. கதையை அவள் சொன்ன விதத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் மண் சரிந்து அவர்களுடைய லயத்தில் சுவரெல்லாம் வெடித்துவிட்டது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். இருபத்திரண்டு குடும்பத்துக்கும் தனித்தனி வீடு என்று பெரிய ஆட்கள் வந்து கல் நட்டு, பால்சோறு தின்று, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அஸ்திவாரம் எழும்பியது. அதோடு சரி.

"அடுத்த மாசம் அடுத்த மாசம்னே சொன்னாங்க. அதை நம்பி இவரு பலா மரத்துல நெலை அடிச்சுக் கொண்டாந்துட்டாரு. பூசாரி நாளும் குறிச்சாச்சு. லயத்துல போட்டு வச்சா ஈரத்துல வளைஞ்சிருமே. சரி, நாளைத் தவற விடவேணாம்னு நட்டுட்டோம். இருபத்திரண்டு குடும்பத்துக்கும் இது ஒண்ணுதான் நெலை. எல்லாரும் சேந்துதான் நவதானியம் முடிஞ்சு கட்டுனோம்."

மேல் மூலையில் தொங்கிய மஞ்சள் துணி முடிச்சைக் காட்டினாள். வயர் இல்லாத சென்சார்!

"இதையெல்லாம் குழுவுல சொல்லியிருக்கலாமே" என்றேன். சொல்லிமுடிப்பதற்குள் அவள் கைபேசியை எடுத்து நீட்டினாள். குழுவில் சேர்ந்த முதல் வாரம் அவள் தமிழில் எழுதிய நீளமான செய்தி, நீக்கிய பிறகும் அவளுடைய கணக்கில் மட்டும் நின்றது. ‘வணக்கம் அண்ணே, அந்த கேட் பற்றி ஒரு விளக்கம்’ என்று ஆரம்பித்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் என் பதில்: இங்கே ஆங்கிலம் மட்டும், விதியை மீறியதால் உங்கள் செய்தி நீக்கப்பட்டது. முதல் வரியைத் தாண்டி நான் படிக்கவில்லை. அந்தக் குழுவில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. அதான் படமாவே போட்டேன். தெனமும் நெலை தெரியிற மாதிரிதான் எடுப்பேன். ஒரு போல்ட் இல்லாட்டியும் கண்டுபிடிக்கிறீங்களே, இதையும் யாராவது ஒரு நாளைக்குக் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஏன் எங்ககிட்ட?"

"கம்பெனிக்காரவங்க ஒங்களுக்குத்தானே பதில் சொல்றாங்க? தூணு ஏன் நடலன்னு நீங்க கேட்டா மறுநாளே பதில் வருது. நாங்க கந்தோர் கந்தோரா மனுக் குடுத்தோம். ஒருத்தரும் இன்னும் வாயைத் திறக்கல."

வீட்டுக்கும் மண்ணுக்கும் ஏதாவது பத்திரம் உண்டா என்று கேட்டேன். ஒரு தாள்கூடத் தரவில்லை என்றாள். என் படத்தையும் அவள் பார்த்திருந்தாள். அதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையில்லை, இருபத்திரண்டு வீட்டுக்கும் மேலே சிவப்புப் பெருக்கல் குறி. "ஒங்க கையால போட்டதுதானேண்ணே. ஒங்க கையாலயே அழிச்சிருங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அழித்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவளுடைய லயத்துக்குப் போனேன். ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார்கள். சுவர் வெடிப்பில் கந்தல் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள், அதற்குமேலும் வெளிச்சம் உள்ளே வந்தது. இரவில் மழை பெய்தால் பெரியவர்கள் முறை வைத்து விழித்திருப்பார்களாம், சுவர் அசைகிறதா என்று பார்க்க. என் பேரில் ஒருவருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து அறைக்காரர் வந்து கோஸ்டர் எத்தனை அடி உயரம், தலைகீழாகப் போகும்போது செருப்பு விழாதா என்று கேட்டார். புஷ்பராணி எனக்கு முன்னால் பதில் சொன்னாள். எங்கள் சண்டைகளை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்துப் படித்து அவளுக்கு எல்லாம் அத்துப்படி. முன்பள்ளிப் பிள்ளைகள் வீடு வரையச் சொன்னால் பின்னால் ஒரு வளையத்தையும் சேர்த்து வரைகிறார்கள் என்றாள்.

"நீங்க சொன்னாக் கேப்பாங்கல்ல?" என்று பக்கத்து அறைக்காரர் கேட்டார். கேட்பார்கள் என்றேன். அந்தக் காலைப் பொழுதில் நான் அதை உண்மையாகவே நம்பினேன்.

அங்கிருந்து நேராகப் பார்க்குக்குப் போன என்னைக் கீர்த்தி தன் ஆபீசில் உட்காரவைத்து டீ கொடுத்தார். இந்த டீயில் மணம் இருந்தது. என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், அது தப்பான தகவல், அவை வீடுகள், ரிப்பன் வெட்டமாட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அவை வீடுகள் என்று எங்களுக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?" என்றார் ஆங்கிலத்தில். குரலில் கேலி இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அந்த நிலத்தைக் கேட்க எங்களுக்கே தயக்கம். நாங்கள் கேட்டால் கம்பெனி பேராசை பிடித்தது என்பார்கள். பல நாட்டு மக்கள் கேட்கிறார்கள் என்றால் வேறு விஷயம். உங்கள் கடிதத்தை வைத்துத்தான் மேலிடத்தில் அனுமதி வாங்கினோம். படம் ரொம்பத் தெளிவாக இருந்தது."

"நான் இப்போது வேண்டாம் என்கிறேனே?"

"ஒரு கடிதம் கொடுங்கள், ஃபைலில் வைக்கிறேன்." அதை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இந்த மாதிரி நல்ல மனிதர்களை நான் ஊரிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். லிஃப்டில் கயிறு தேய்ந்திருக்கிறது என்று சொன்னால் இப்படித்தான் ஃபைலில் வைப்பார்கள்.

லாட்ஜுக்கு வந்து குழுவில் எழுதினேன். ஒன்றாம் நம்பர் கேட் ஒரு வீட்டின் நிலைவாசல், இரண்டாம் கட்டம் என்று ஒன்று கிடையாது, அது இருபத்திரண்டு ஏழைக் குடும்பங்களின் வீட்டு மனை, நாம் தப்புச் செய்துவிட்டோம், எல்லாரும் கம்பெனிக்கு எழுதுங்கள் என்றேன். அரை மணியில் பதில்கள் குவிந்தன. ‘மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பார்க்கிங் இல்லாமல் எப்படித் திறப்பது?’ என்றார் துபாய்க்காரர். ‘அவர்களுக்கு வேறு இடம் கொடுக்காமலா இருப்பார்கள்?’ என்றார் கோலாலம்பூர்க்காரர். டொரன்டோக்காரர் அந்த முடிச்சை நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போட முடியுமா என்று கேட்டார், பதிவுக்காகவாம். நான்கைந்து பேர் கண்ணீர் விடும் பொம்மை முகம் போட்டார்கள். கம்பெனிக்கு எழுதுகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போன வாரம்வரை அவர்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

சாயங்காலம் புஷ்பராணி போன் செய்தாள். "நாளைக்கே மெஷின் வருதாம்ணே. இப்பத்தான் கண்டாக்கு ஐயா வந்து சொல்லிட்டுப் போறாரு." கண்டாக்கு என்பது தோட்டத்து மேற்பார்வையாளர். திங்கள் என்றிருந்ததை ஞாயிறுக்கு இழுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த அரசாங்கக் கந்தோரும் திறந்திருக்காது, யாரிடமும் ஓட முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு ரிப்பனை வெட்டியிருந்தால் அவர்களுக்கு இன்னும் ஒரு நாளாவது கிடைத்திருக்கும்.

ஞாயிறு காலை பஸ் கிடைக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போனேன். தோட்டத்துக்கு விடுமுறை என்பதால் சனம் முழுக்கச் சரிவில் நின்றது. யாரும் கூச்சல் போடவில்லை. ஓரமாக ஒரு போலீஸ் ஜீப். நான் கீர்த்தியிடம் போய்க் கத்தினேன், கையை நீட்டி மெஷினை மறித்தேன். போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாகத்தான் என் தோளைப் பிடித்து நகர்த்தினார். நீங்கள் டூரிஸ்ட் விசாவில் வந்தவர், இதிலெல்லாம் தலையிடக் கூடாது என்றார். அதற்குப் பிறகு நானும் ஓரமாகத்தான் நின்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மெஷின் லீக்ஸ் பாத்தியில் ஏறி முதல் வரிசையை வழித்துத் தள்ளியது. இரண்டாவது வரிசையில் நிலைக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டது. ஓட்டியவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தமிழர். இறங்கி பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, இதுல நான் கை வைக்கமாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. நீங்களா எடுத்துக்கிட்டீங்கன்னா..." என்று நிறுத்தினார்.

கீர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புஷ்பராணி துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தானியம் கறுத்து ஒட்டிப்போயிருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டாள். ஆண்கள் கடப்பாரை போட்டு நெம்பி நிலையைப் பெயர்த்தார்கள். பலா மரம், நனைந்து கனத்தது. ஒரு பக்கம் நானும் தோள் கொடுத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வழுக்குகிற பாதையில் லயம்வரை தூக்கி வந்தோம்.

அங்கேதான் சிக்கல். நட்ட நிலையை மழையில் போட்டுவைக்கக் கூடாது, உள்ளே வைக்கவேண்டும் என்றார்கள். அவளுடைய அறையின் கதவு வெள்ளைக்காரன் காலத்துக் கதவு, குனிந்துதான் நுழையவேண்டும். நேராக நுழைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். படுக்கவைத்து ஒரு மூலையை முதலில் விட்டுப் பார்த்தார்கள். அப்படி நுழைந்தாலும் மறுசுவரில் முட்டிற்று. பக்கத்து அறைகளிலும் அதே கதைதான். கடைசியில் இஸ்தோப்பு என்கிற முன்பக்கத் திண்ணையில், அடுப்பு விறகை ஒதுக்கிவிட்டுச் சுவரோரமாகச் சாத்தினார்கள். புஷ்பராணி அதன்மேல் உரச்சாக்கைப் போர்த்தி, பறக்காமல் இருக்கக் கல் வைத்தாள்.

அப்போதுதான் மெஷின் சத்தம் நின்றதைக் கவனித்தோம். எல்லாரும் மேலே பார்த்தோம். இருபத்திரண்டு அஸ்திவாரமும் இல்லை. சரிவில் சிவப்பு மண் இஸ்திரி போட்ட மாதிரி விரிந்து கிடந்தது. இன்னும் மத்தியானச் சோற்று நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ நாட்டுக் கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன், இந்த வேகத்தில் ஒரு வேலை முடிந்து நான் பார்த்ததில்லை.

என் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி மேலிருந்து எடுத்த படத்தை வெளியிட்டிருக்கிறது. குழுவே கொண்டாடிக்கொண்டிருந்தது.

"என்னா சொல்றாங்கண்ணே?" என்று புஷ்பராணி கேட்டாள். அவளிடம் இனி எதை மறைப்பது?

"வேகமா முடிச்சிட்டாங்கன்னு பாராட்டறாங்க" என்றேன்.

அவள் அந்தச் சிவப்பு மண்ணைப் பார்த்தாள். மடியில் கட்டியிருந்த தானியத்தை ஒரு கை பிடித்திருந்தது.

"இவங்களுக்கு வேலை தெரியாதுன்னுல்ல நாங்க இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தோம்" என்றாள்.